மஞ்சள் சட்டையும் சின்னப்பம்பட்டிப் பையனும்

கொல்லிமலையில் மிளகு காய்க்கும், பலா பழுக்கும், காப்பி பூக்கும் என்பது நேயர்கள் அறிந்த விஷயம். மஞ்சள் சட்டையும் அங்கே அமோகமாக விளைகிறது என்பது சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து செம்மேட்டுக்குப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது முதுகில் 7 என்ற எண்ணைத் தாங்கிய ஒரு வாலிபன்தான். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து விலை பேசுகிறவன் முதுகிலும் அதே எண். அரப்பளீசுவரர் கோயிலுக்குப் போகும் வழியில் அன்னாசிப் பழம் நறுக்கி விற்கும் சிறுவன் மேலும் அதே மஞ்சள். சென்னைப் பட்டணம் இந்த மலையிலிருந்து ஒரு ராத்திரிப் பிரயாணம். சேப்பாக்கம் மைதானத்தை இவர்களில் எத்தனை பேர் நேரில் பார்த்திருப்பார்கள் என்று விசாரித்தால், விரல் விட்டு எண்ணி முடித்துவிடலாம். ஆனாலும், அங்கே ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில், "நாம ஜெயிச்சுட்டோம்!" என்றுதான் இவர்கள் சொல்கிறார்கள்.

"நாம" என்கிற அந்தச் சொல்லை இந்த வாரம் சற்றே புரட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். பத்திரிகைக்காரர்களாகிய நமக்கும் அந்தச் சொல்லின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டல்லவா?

சென்னை சூப்பர் கிங்ஸ் என்னும் அணி 2008-ஆம் ஆண்டில் பிறந்தது. பிறந்தது மைதானத்தில் அல்ல, ஏலக்கூடத்தில். ராஞ்சி நகரத்து மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். தமிழ் நாட்டுக்கு வந்து சில வருஷங்களுக்குள் அவர் "தல" ஆகிவிட்டார். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒருவரை இந்தச் சீமை ஜனங்கள் இப்படி வீட்டுப் பிள்ளையாக வரித்துக்கொண்டது நினைத்துப் பார்த்தால் சாமானியமான காரியமல்ல. அவருடைய தலைமையில் அணி 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளில் கோப்பையை வென்றது. கடைசி ஆட்டம் வரையில் போய்த் தோற்றதும் ஐந்து முறை. தோற்ற கணக்கையும் மலைப் பையன்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஜெயித்த வருஷங்களை மட்டும் சொல்லத் தெரிந்தவனை அவர்கள் தங்கள் ஜாதியில் சேர்ப்பதில்லை.

இதெல்லாம் சரிதான். தகராறு எங்கே வந்தது என்றால், 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி துபாய் நகரத்தில் வந்தது.

கொள்ளை நோயின் காரணமாக அந்த ஆண்டு ஐ.பி.எல். ஆட்டங்கள் முழுவதும் அரபு நாட்டில், வெறிச்சோடிய மைதானங்களில் நடைபெற்றன. அன்று சென்னைக்கு எதிரே நின்றது ஹைதராபாத் அணி. பந்து போட வந்தவர் டி. நடராஜன் என்னும் இடக்கை ஆட்டக்காரர். தோனி அவருடைய பந்து ஒன்றைத் தூக்கி அடித்தார். அது நூறு மீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது. அடுத்த பந்தையும் தூக்கினார். வில்லியம்ஸனின் கையில் பிடி கொடுத்துவிட்டு, 21 ரன்னோடு திரும்பினார். நடராஜன் துள்ளவில்லை, கூச்சல் போடவில்லை. முந்தின பந்தையே நினைத்துக்கொண்டிருந்ததாகவும், அறைக்குத் திரும்பிய பிறகுதான் சந்தோஷம் வந்ததென்றும் அவர் பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார்.

கொல்லிமலையில் நமக்குப் பழக்கமான மிளகு வியாபாரி ஒருவர் அன்றிரவு தம் வீட்டில் நடந்ததைச் சொன்னார். பேரன் எழுந்து குதித்தானாம். குதித்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டானாம்.

"ஏண்டா, குதிச்சே, அப்புறம் ஏன் உக்காந்துட்டே?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"நம்ம நட்டு விக்கெட் எடுத்துட்டாருங்க தாத்தா."

"நல்லதுதானே?"

"எடுத்தது நம்ம தோனியைங்க."

கிழவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று சென்னை 20 ரன்னில் ஜெயித்துவிட்டபடியால் பேரனுக்குச் சோறு இறங்கியது என்றார். நியாயமான ஏற்பாடு. பையன் விக்கெட் எடுத்தான், அணியும் ஜெயித்தது. ஆனால் தெய்வம் எப்போதும் இவ்வளவு தாட்சண்யம் காட்டுகிறதா, என்ன?

இந்த நடராஜனுக்கும் கொல்லிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர் நேயர்கள் கேட்கலாம். சேலத்துக்கு மேற்கே சின்னப்பம்பட்டி என்னும் கிராமத்தில் 1991-ல் பிறந்தவர் அவர். நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1997-ல். ஆகவே அவர் பிறந்தபோது கொல்லிமலையும் சின்னப்பம்பட்டியும் ஒரே சேலம் ஜில்லாதான். மலையின் வயதானவர்களைக் கேட்டால், கலெக்டர் கச்சேரி மாறினால் உறவு மாறிவிடுமா என்பார்கள். தகப்பனார் தறிக் கூலி. தாயார் சாலையோரத்தில் கடை வைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். இருபது வயது வரையில் நடராஜன் போட்டதெல்லாம் டென்னிஸ் பந்து. ஆடியதெல்லாம் ஊர்ப் பொட்டல். பிறகு சென்னைக்குப் போய் லீக் ஆட்டங்களில் புகுந்து, 2015 ஜனவரியில் தமிழ் நாட்டு அணிக்காக ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் இறங்கினார். இறங்கின கையோடு ஒரு இடி விழுந்தது. பந்து எறியும்போது கை மடங்குகிறது என்று நடுவர்கள் சந்தேகம் கிளப்பினார்கள்.

பந்து போடுகிறவனுக்கு அவன் கை அசைவு என்பது நமக்கெல்லாம் கையெழுத்து மாதிரி. இருபது வருஷம் பழகிய கையெழுத்தை மாற்றிக்கொண்டு வா என்றால் எத்தனை பேரால் முடியும்? அவர் ஒதுங்கிப் போய், ஆசிரியர்களிடம் பழகி, மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2016-ல் தமிழ் நாடு பிரீமியர் லீகில் திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவர் போட்டார். ஆறு பந்து, ஆறும் யார்க்கர். அதாவது, மட்டைக்காரன் காலடியில், மட்டையின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் நடுவில் போய்க் குத்தும் பந்து. அரை சாண் முன்னே விழுந்தால் முழு வீச்சில் அடிக்க ஏற்ற பந்தாகிவிடும். பின்னே விழுந்தாலும் அதே கதிதான். தமக்கு வழி காட்டிய ஜெயப்பிரகாஷ் என்பவரின் நினைவாகச் சட்டை முதுகில் "ஜேபி நட்டு" என்று பொறித்துக்கொண்டு ஆடினார் என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு யார்க்கரைவிட இது அதிகம் பிடித்திருக்கிறது.

குறி என்றால் கொல்லிமலைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றுப் புலவர் பாடிய வல்வில் ஓரி ஆண்ட மலையல்லவா அது? இன்றும் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் செம்மேட்டில் அவனுக்கு விழா எடுத்து, வில்லும் அம்புமாகப் போட்டி வைக்கிறார்கள். 2020 நவம்பர் 6-ஆம் தேதி டி வில்லியர்ஸ் என்ற மகா சூரரின் காலடியில் பந்தைப் போட்டு நடராஜன் ஸ்டம்பைப் பெயர்த்தபோது மலையில் ஓரியின் பெயர் அடிபட்டதென்றால் ஆச்சரியமில்லை. அந்த ஓரியையும் மலையமான் காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். நேற்று வரை ஓரியின் கொடிக்கு வாழ்த்துச் சொன்ன குடிகள் மறுநாள் சேரன் கொடியைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்கள் என்பதைப் புலவர்கள் எழுதி வைக்கவில்லை.

"நம்ம பையனை நம்ம அணி ஏன் எடுக்கவில்லை?" என்பதுதான் மலையில் அடிக்கடி கேட்கிற கேள்வி. விடை ரொம்பச் சுருக்கம். ஏலம்! 2017-ல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 2018-ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2022-ல் அதே ஹைதராபாத் 4 கோடி. 2024 நவம்பரில் அரேபியாவின் ஜெட்டா நகரத்தில் நடந்த ஏலத்தில் டெல்லி 10 கோடியே 75 லட்சம். 3 கோடி ஒரே வருஷத்தில் 40 லட்சமாக இறங்கியதற்குக் காரணம் கேட்டால், சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்கிற யாரும் சொல்லிவிடுவார்கள். சரக்கு அதேதான், வாங்குகிறவன் மனசு வேறு. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மிளகு மூட்டை கைமாறியபின் அது எந்த ஊர்க் குழம்பில் விழுந்தது என்று விளைத்தவன் தேடிப் போவதில்லை. இங்கே தேடிப் போகிறார்கள். ராத்திரி ஏழரை மணிக்குத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நம்ம ஊர்ச் சரக்கு அந்நியன் குழம்பில் எப்படி மணக்கிறது என்று பார்க்கிறார்கள்.

ஒரு காலத்தில் இந்தச் சங்கடமே இல்லை. 1915-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, சேப்பாக்கத்தில் பொங்கலையொட்டி இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் வருஷா வருஷம் பந்தயம் நடந்தது. அதில் யார் நம்மவர் என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. முகத்தைப் பார்த்தாலே போதும். வெள்ளைக்காரன் விக்கெட் விழுந்தால் கை தட்டு, நம்மவன் அடித்தால் கை தட்டு. எவ்வளவு சௌகரியம்! ஆனால் பம்பாயில் இதே சௌகரியம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் மறக்கலாகாது. ஹிந்துக்கள் ஓர் அணி, முஸ்லிம்கள் ஓர் அணி, பார்ஸிகள் ஓர் அணி, ஐரோப்பியர் ஓர் அணி, மிச்சமானவர்களெல்லாம் ஓர் அணி என்று பிறப்பை வைத்துக் கோஷ்டி பிரித்து ஆடினார்கள். மகாத்மா காந்தி 1940-ல் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். இன்னும் சில வருஷங்களில் அந்தப் பந்தயம் நின்றே போயிற்று. ஆகையால் "நம்மவன்" என்பதற்குப் பிறப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்ளச் சொல்கிறவர்களிடம் நமக்குச் சிறிது பயம் உண்டு. ராஞ்சிக்காரரைத் "தல" என்று கொண்டாடும் மலைப் பையன் அந்தப் பழைய பம்பாய்ப் பெரிய மனிதர்களைவிட எவ்வளவோ மேலானவன் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

மேலானவன்தான், ஆனாலும் அவன் மனது படுகிற பாடு படத்தான் செய்கிறது. 2023 மே மாதத்துக் கடைசி ஆட்டத்தைப் பாருங்கள். ஆமதாபாத்தில் மழையினால் ஒரு நாள் தள்ளிப்போய், 29-ஆம் தேதி ஆரம்பித்து, 30-ஆம் தேதி விடியற்காலை ஒன்றரை மணிக்கு மேல் முடிந்த ஆட்டம். குஜராத் அணிக்காக 47 பந்தில் 96 ரன் அடித்து நம் சென்னை அணியைக் கதறவைத்தவர் யார்? சாய் சுதர்சன்; சென்னைப் பையன். அவரை எதிர்த்து நின்ற சென்னைக் கட்சியில் தமிழ் நாட்டவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. புனாக்காரர், பம்பாய்க்காரர், நியூஸிலாந்துக்காரர், இங்கிலாந்துக்காரர், இலங்கைக்காரர் என்று தசாவதாரமாக நின்றார்கள். பிறகு மறுபடியும் மழை; 15 ஓவரில் 171 அடிக்க வேண்டும் என்று கணக்கைத் திருத்தினார்கள். தோனி முதல் பந்திலேயே பூஜ்யத்தில் போனார். கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். சௌராஷ்டிரத்து ரவீந்திர ஜடேஜா, அதாவது குஜராத் மண்ணின் மைந்தர், குஜராத்தை எதிர்த்து ஒரு ஸிக்ஸரும் ஒரு நாலும் அடித்தார். கோப்பை சென்னைக்கு வந்தது. கொல்லிமலையில் அந்த அகால வேளையில் விசில் பறந்தது. யார் நம்மவர், யார் அந்நியர் என்று கேட்க அப்போது எவனுக்கும் ஞாபகமில்லை.

அந்த ஜடேஜாவையே 2025 நவம்பரில் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டார்கள். பண்டமாற்று! இதைக் கேள்விப்பட்டுச் சில வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்கிறார்கள். கொஞ்சம் மிகை இருக்கலாம்.

சென்னை அணியில் தமிழர் இல்லையே என்று ஓயாமல் குறைபட்டுக்கொள்ளும் கனவான்களையும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஐயா, முழுக்க முழுக்கத் தமிழ் நாட்டு ஆட்டக்காரர்களே ஆடும் அணி ஒன்று இருக்கிறதே. ரஞ்சிக் கோப்பைக்கு ஆடும் அணி. 1934-ல் அந்தப் பந்தயத்தின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான் நடந்தது. சென்னை அணி மைசூரை ஒரே நாளில் முறியடித்தது. ராம் சிங் ஒருவரே பதினொரு விக்கெட் எடுத்தார். அந்த அணி கோப்பையை வென்றது 1954-55-லும் 1987-88-லும் ஆக இரண்டே தடவை. அதன் பிறகு கிட்டத்தட்டக் கைக்கு எட்டி எட்டி நழுவிக்கொண்டிருக்கிறது. சேலத்திலேயே சில ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. தாங்கள் அதில் ஒன்றையாவது போய்ப் பார்த்ததுண்டா? நாலு நாள் ஆட்டம், விசில் இல்லை, வாணவேடிக்கை இல்லை என்கிறீர்களா? அப்படியானால் தாங்கள் தேடுவது தமிழரையா, வாணவேடிக்கையையா?

கோபம் போதும். அபிமானத்துக்கு உண்மையான சோதனை வந்த வருஷங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். அணியின் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் ஆட்டங்களின் பேரில் பந்தயம் கட்டினார் என்று விசாரணையில் தீர்மானமாகி, நீதிபதி லோதா கமிட்டி 2015 ஜூலையில் சென்னை அணியை இரண்டு வருஷம் விலக்கி வைத்தது. தண்டனை சரியானதுதான் என்று அப்போதும் நினைத்தோம், இப்போதும் நினைக்கிறோம். ஆனால் தண்டனையை அனுபவித்தவர் யார்? பந்தயம் கட்டினவருக்கு மஞ்சள் சட்டை ஒரு விஷயமா? தோனி புனா அணிக்குப் போனார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு திசையாகப் போனார்கள். மலைப் பையனின் சட்டை பெட்டிக்குள் போயிற்று. 2018-ல் அணி திரும்பி வந்தபோது காவேரிக் கிளர்ச்சியின் காரணமாகச் சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம்தான் நடந்தது. மிச்சத்தைப் புனாவுக்கு மாற்றினார்கள். என்ன செய்தார்கள் நம்மவர்கள்? சுமார் 1000 பேர் தனி ரயில் ஏறிப் புனாவுக்கே போய்விட்டார்கள். காவேரிக்காகக் கொதித்ததும் உண்மை. ரயில் ஏறியதும் உண்மை. இரண்டையும் ஒரே ஜனங்கள் ஒரே மாதத்தில் செய்தார்கள். அந்த வருஷமே கோப்பை வந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்ற ஹைதராபாத் கோஷ்டியில், ஆட்டத்தில் இறங்க வாய்ப்பில்லாமல் வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் சின்னப்பம்பட்டிப் பையனும் ஒருவர்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் ஆட்டத்துக்கு இதேபோன்ற பைத்தியம் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் டாட்ஜர்ஸ் என்று ஓர் அணி. தோற்றுத் தோற்று, ஜனங்கள் அதற்காகவே அதைக் காதலித்து, கடைசியில் 1955-ல் அது உலகக் கோப்பையை வென்றது. 1957-க்குப் பிறகு சொந்தக்காரர் அணியை மூட்டை கட்டிக்கொண்டு, கண்டத்தின் மறு கோடியிலுள்ள லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டார். புரூக்ளின் கிழவர்கள் அதை மன்னிக்கவே இல்லை. அவர்களுக்கு ஆட்டக்காரர்களோடு சேர்ந்து அணியே போயிற்று. நமக்கோ அணி இருக்கிறது, பெயர் இருக்கிறது, நிறம் இருக்கிறது. உள்ளே இருக்கிறவர்கள்தான் வருஷத்துக்கு வருஷம் வேறு. எது பெரிய துக்கம் என்று முடிவு செய்ய நம்மால் ஆகவில்லை.

மலைக்கு எந்தச் சங்கடமும் இல்லாமல் வாய்த்த காலம் ஒன்று உண்டு. வலைப்பயிற்சியில் பந்து போட்டுக் கொடுப்பதற்காக ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிச் செல்லப்பட்ட நடராஜன், 2020 டிசம்பர் 2-ல் ஒரு நாள் ஆட்டத்திலும், 4-ல் இருபது ஓவர் ஆட்டத்திலும், 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேன் டெஸ்டிலும் இறங்கினார். ஒரே பிரயாணத்தில் மூன்று வகையிலும் முதல் ஆட்டம் ஆடிய இந்தியர் அவருக்கு முன் எவரும் இல்லை. அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட அணி. பாதிப் பேர் காயம். எதிரி 1988-க்குப் பின் தோல்வியே காணாத மைதானம். அங்கே முதல் இன்னிங்ஸில் இவரும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் ஆளுக்கு மூன்று விக்கெட். ஐந்தாம் நாள், 19-ஆம் தேதி, ரிஷப் பந்த் 89 அடித்து நிற்க, இந்தியா மூன்று விக்கெட்டில் ஜெயித்தது. தலைவர் ரஹானே கோப்பையை வாங்கி நடராஜன் கையில் கொடுத்தார். ஊர் திரும்பியவரைச் சின்னப்பம்பட்டியில் குதிரை பூட்டிய சாரட்டில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள்.

அதற்குப் பிறகு முழங்காலில் சத்திர சிகிச்சை, நீண்ட ஓய்வு, மறுபடி ஹைதராபாத், மறுபடி நல்ல காலம். 2024-ல் 19 விக்கெட். கடைசி ஆட்டம் சேப்பாக்கத்திலேயே வாய்த்தது. அதில் அவருடைய கட்சி கல்கத்தாவிடம் தோற்றது. 2025-ல் டெல்லிக்கு மாறினார். ஆனால் ஆடக் கிடைத்தது மிகக் கொஞ்சம். அதே ஆண்டில் சென்னை அணி பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. காயம் பட்ட தலைவருக்குப் பதிலாக 43 வயதில் தோனி மறுபடியும் தலைமை ஏற்க வேண்டி வந்தது. ஏன் இன்னும் ஆடுகிறார் என்று கேட்காத ஆள் மலையில் கிடையாது. அவர் மட்டையோடு படியிறங்கும்போது எழுந்து நிற்காத ஆளும் கிடையாது.

நடராஜன் தம் சொந்த ஊரில் பிள்ளைகளுக்காக ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்திருக்கிறார். 2023 ஜூன் மாதத்தில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். மலைப் பையன்கள் அதைப் பார்க்க வேண்டுமென்று துடிக்கிறார்கள். காரணம் எளிது. கொல்லிமலையில் சமதரை அபூர்வம்; இருக்கிற சமதரையில் நெல்லோ மரவள்ளியோ நிற்கும். ஆட்டத்துக்குக் கிடைப்பது ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் சரிவுமான துண்டு நிலம். பந்து சரிவில் போனால் காப்பித் தோட்டம். அதற்கும் கீழே ஓடை. ஆகவே தூக்கி அடித்தவனே இறங்கிப் போய்ப் பந்தைத் தேடிக்கொண்டு வர வேண்டும் என்று ஓரிடத்தில் சட்டம் வைத்திருக்கிறார்கள். பந்து போடுகிறவனும், தூக்கி அடிக்க இடம் கொடாமல், மட்டைக்காரன் கால் கட்டை விரலைப் பார்த்தே போடப் பழகியிருக்கிறான்.